வகுப்பறை வாசலில் பெற்றோர்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பெற்றோர் வாசலோடு நின்றுவிட வேண்டியவர்களா, அன்றிப் பாடம் நடக்கும் அறையினுள்ளே ஒரு மூலையில் அமர்ந்து அதனைக் காணும் உரிமை உடையவர்களா என்னும் வினா, மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சிறியதொரு நிர்வாகச் சிக்கலாகவே தோன்றும். தலைமையாசிரியர் அறிவிப்புப் பலகையில் இரண்டு வரி எழுதி முடித்துவிடக்கூடிய செய்திதானே இது என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒப்படைத்ததை ஒப்படைத்தவர் பார்க்கலாமா, நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொள்வதா, பார்க்க விரும்புவது நம்பாமையின் அடையாளமா என்ற கேள்விகளெல்லாம் அந்த இரண்டு வரிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. பிள்ளைகளை அமானிதம் என்று சொல்லிப் பழகிய சமுதாயம் அவற்றை எளிதில் கடந்து சென்றுவிட இயலாது.

நம் ஊர்களில் நெடுங்காலம் வழங்கிவந்த வழக்கம் ஒன்றுண்டு. பையனை ஓதுவதற்கோ படிப்பதற்கோ கொண்டுவந்து விடும் தந்தை, "கண் இரண்டையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்தெடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பார். அதனைப் பெருந்தன்மை என்றும், ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை என்றும் போற்றிப் பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லில் மரியாதை இருந்தது உண்மை. ஆனால் அதனோடு வேறொன்றும் இருந்தது. நம் பொறுப்பு இத்துடன் தீர்ந்தது என்ற நிம்மதியே அது. பள்ளியில் வாங்கிய அடியை வீட்டில் சொன்னால் அங்கும் ஓர் அடி விழும் என்பதைப் பிள்ளை அறிந்திருந்தது. ஆகவே அது சொல்லவில்லை. பிள்ளை சொல்லாதவற்றை அறிந்துகொள்ளப் பெற்றோருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

முன்னோர் எல்லாரும் இப்படித்தான் இருந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. வட ஆப்பிரிக்காவின் கைரவான் நகரில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மாலிகி மத்ஹபின் பேரறிஞர் ஸஹ்னூன், தம் மகன் முஹம்மதை ஆசிரியரிடம் ஒப்படைத்தபோது நேர் மாறானதைச் சொன்னார். பாராட்டாலும் இனிய சொல்லாலும் அன்றி இவனைத் திருத்த முயல வேண்டாம், அடியால் திருந்துகிற இயல்பினன் அல்லன் இவன் என்பது அவர் சொன்னதன் கருத்து. தம் பிள்ளையின் இயல்பை அறிந்திருந்தமையால் அவர் அப்படிச் சொல்ல முடிந்தது. அந்த மகனே பின்னாளில் இப்னு ஸஹ்னூன் என்ற பெயரால் அறியப்பட்டு, ஆசிரியர்கள் ஒழுக வேண்டிய முறைகளைப் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதினார். திருத்துவதற்காக அடிக்க நேர்ந்தால் மூன்றைத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் தந்தையின் இசைவு வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார். அடிப்பதையே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதன் 17ஆம் பிரிவில் தடை செய்துவிட்டமையால், அந்த எண்ணிக்கை நமக்கு இனித் தேவையில்லை. பள்ளிக்குள் நடப்பதில் தந்தைக்குச் சொல் உண்டு என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஓர் ஆலிம் எழுதி வைத்தார் என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ள வேண்டியது.

அக்காலத்துப் பாடம் நான்கு சுவருக்குள் மறைந்து நடந்ததும் அன்று. பள்ளிவாசலின் தூணருகே ஆசிரியர் அமர்வார். மாணவர் வட்டமாக அமர்வர். வட்டத்திற்கு வெளியே யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம். சிறு பிள்ளைகள் பள்ளிவாசலை அசுத்தப்படுத்திவிடக் கூடும் என்பதால், அவர்களுக்குத் தெருவோரக் கடைகளிலும் சந்தையின் ஓரங்களிலும் இடம் அமைத்துக் கற்பிக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரி தமது நூலில் கூறுகிறார். அந்த நூல் முஹ்தஸிப் எனப்படும் சந்தைக் கண்காணிப்பு அதிகாரிக்காக எழுதப்பட்டது. எடைக்கல்லையும் பால் கலப்படத்தையும் பார்வையிடும் அதே அதிகாரி, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவரையும் பார்வையிட வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. இளம் மாணவரை மிகையாக அடிக்கும் ஆசிரியரைத் தடுப்பதும் முஹ்தஸிபின் கடமைகளுள் ஒன்றென இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் குறிப்பிடுகிறார்.

நம் தமிழ்நாட்டிலும் திண்ணைப் பள்ளிக்கூடம் தெருவைப் பார்த்தே இருந்தது. வாத்தியார் சொல்லும் வாய்ப்பாடும், பிள்ளைகள் அதனைத் திருப்பிச் சொல்லும் ஓசையும், பிரம்பின் ஒலியுங்கூடப் போவோர் வருவோர் காதில் விழுந்தன. சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் உயர்ந்து, "பெற்றோர் இதற்கு அப்பால் வரக் கூடாது" என்ற பலகை தொங்கத் தொடங்கியது பின்னாளைய வழக்கம். பெற்றோரை உள்ளே விடுவதைத்தான் பலர் புதுமை என்று நினைக்கிறார்கள். வரலாற்றின்படி பார்த்தால் வெளியே நிறுத்தியதே புதுமை.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? மேற்சொன்ன 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளியின் நடப்பைக் கண்காணிப்பது அக்குழுவின் பணி. அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. 24ஆம் பிரிவோ, ஆசிரியர் பெற்றோரைக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆக, ஆசிரியர் சொல்ல வேண்டும், பெற்றோர் கேட்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. வந்து பாருங்கள் என்று அது சொல்லவில்லை. கேட்டதற்கும் கண்டதற்கும் உள்ள தொலைவு நான்கு விரல் என்று நம் பாட்டிமார் காதுக்கும் கண்ணுக்கும் இடையே கை வைத்துக் காட்டுவார்கள். அந்த நான்கு விரல்தான் இங்கே கேள்வி.

ஆசிரியர்கள் எழுப்பும் மறுப்புகளை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. அவற்றில் சில வெறும் சாக்கு என்றாலும், சில மிக உண்மையானவை. பின்வரிசையில் அமரும் தாய் வகுப்பைப் பார்ப்பதில்லை. தம் பிள்ளையை மட்டுமே பார்க்கிறார். நாற்பது பிள்ளைகளுள் தம் மகளிடம் ஏன் கேள்வி கேட்கவில்லை என்பதே அவர் வீட்டிற்குக் கொண்டுபோகும் செய்தியாக இருக்கும். முக்கால் மணி நேரப் பாடத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஓர் ஆசிரியரை எடைபோடுவது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு, கஹ்பு அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாறே சான்று. ஓட்டையிடப்பட்ட படகைத்தான் அவர்கள் கண்டார்கள். அதற்கான காரணம் பிரியும் வேளையில்தான் விளக்கப்பட்டது. சட்டத்திற்குக் கட்டுப்பட்ட பள்ளி ஆசிரியருக்கு அப்படியொரு விலக்கு இல்லைதான். ஆயினும் பார்ப்பவரின் பொறுமைக்கு அது பாடமாகும்.

இன்னொன்று, பார்க்கப்படுவது தெரிந்தால் பார்க்கப்படுவதே மாறிவிடும். பள்ளி ஆய்வாளர் வரும் நாளை நினைத்துப் பாருங்கள். முதல் நாளே கரும்பலகை துடைக்கப்படும், வண்ணத்தாள் தோரணம் ஏறும், எந்தக் கேள்விக்கு எந்தப் பையன் எழுந்து நிற்பது என்பதுவரை ஒத்திகை நடக்கும். ஆய்வாளரும் மனம் மகிழ்ந்து கையெழுத்திட்டுச் செல்வார். பெற்றோர் வரும் நாளும் அப்படியொரு நாடகமாகிவிட்டால் யாருக்கு என்ன பயன்?

இவற்றையெல்லாம்விடக் கனமான மறுப்பு பிள்ளையின் பக்கத்திலிருந்து வருகிறது. அதனை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பிள்ளைகளை யாரும் கேட்பதும் இல்லை. வீட்டில் ஒரு முகமும் வகுப்பில் ஒரு முகமுமாக இருப்பது குழந்தையின் கபடம் அன்று, அதன் வளர்ச்சி. தாயின் கண்ணுக்கு அப்பால், தவறாக விடை சொல்லி, தோழர்கள் சிரிக்க, தானும் சிரித்து, மறுபடி சரியாகச் சொல்லிப் பழகுவதற்கு அதற்கோர் இடம் வேண்டும். திக்கிப் பேசும் சிறுவன் உஸ்தாதின் முன் திக்கத் துணிவான். வாப்பா பின்னால் அமர்ந்திருந்தால் வாயே திறக்க மாட்டான். அவ்வறையில் இருப்பவர்கள் நம் பிள்ளை மட்டும் அல்லர். எழுத்துக் கூட்டத் தெரியாத அடுத்த வீட்டுப் பையனையும், கிழிந்த சட்டையோடு வந்திருக்கும் மற்றொரு சிறுமியையும் அன்று நாம் பார்க்கிறோம். அவர்களின் பெற்றோர் நமக்கு அந்த அனுமதியைக் கொடுத்தார்களா?

இங்கேதான் மார்க்கம் நமக்குக் கைகொடுக்கிறது. ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் மூன்றைத் தடுக்கிறது. முதலில் தீய எண்ணம், அடுத்துத் துருவித் துருவி ஆராய்தல், அதன் பின் புறம் பேசுதல். இந்த வரிசை தற்செயலானது என்று நமக்குத் தோன்றவில்லை. ஆசிரியரைப் பற்றிய சந்தேகத்தோடு கிளம்பும் பெற்றோர், சன்னலோரம் நின்று ஒட்டுக் கேட்கிறார். கேட்ட அரைகுறையை மாலையில் தெருவெங்கும் பேசுகிறார். மூன்று படிகளும் அப்படியே நிறைவேறிவிடுகின்றன.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று பலரும் அறிந்தது. இரவில் மதீனாவைச் சுற்றி வந்த கலீஃபா, ஒரு வீட்டினுள் பாட்டுச் சத்தம் கேட்டுச் சுவர் ஏறிக் குதித்து, பாவத்தில் இருந்த மனிதனைக் கையும் மெய்யுமாகப் பிடித்தார்கள். அம்மனிதனோ, தான் செய்தது ஒரு பிழை, தாங்கள் செய்தவை மூன்று என்று எண்ணிக் காட்டினான்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியாக வராதது, ஸலாமும் அனுமதியுமின்றி நுழைந்தது. கலீஃபா அவனை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அனுமதி கேட்டல் என்ற விதி ஏற்படுத்தப்பட்டதே பார்வையை முன்னிட்டுத்தான் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. காலால் நுழையாமல் கண்ணால் மட்டும் நுழைந்தாலும் அது நுழைவுதான்.

வீடு வேறு, வகுப்பறை வேறு என்று ஒருவர் சொல்லலாம். சரியே. வீடு அந்தரங்கம், வகுப்பறை சந்தையைப் போல் பொதுப் பொறுப்புக்கு உட்பட்டது. ஆகவேதான் முஹ்தஸிப் அங்கே செல்ல முடிந்தது. அவர் மறைந்து நின்று பார்ப்பவர் அல்லர்; தம் அதிகாரம் எல்லாரும் அறிய நேரே செல்பவர். வகுப்பறைக்குள் பெற்றோர் செல்லலாமா என்ற கேள்விக்கு நம் விடை இதுதான்: செல்லலாம், செல்லவும் வேண்டும், ஆனால் வாசல் வழியாக, ஸலாம் சொல்லி, முன்கூட்டிக் கேட்டு, தொடங்கிய பாடம் முடியும்வரை அமர்ந்து. சாட்சியாகச் செல்வதற்கும் ஒற்றனாகச் செல்வதற்கும் நடுவில் ஒரு கதவுதான் இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால், இக்காலத்தவர் மிகவும் விரும்பும் ஒரு முறை நம் மனத்துக்கு ஒவ்வவில்லை. தில்லி அரசு தன் பள்ளிகளின் வகுப்பறைகளில் கேமராக்கள் பொருத்தி, பெற்றோர் தம் கைப்பேசியில் வகுப்பை அப்போதைக்கப்போதே காணச் செய்யப்போவதாக 2018 சனவரியில் அறிவித்தது. 2019 சூலையில் அதனைத் தொடங்கியும் வைத்தது. பிள்ளைகளின் அந்தரங்கம் என்னாவது என்று கேட்டு வழக்குகளும் தொடரப்பட்டன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்திருந்ததை அவர்கள் சுட்டிக்காட்டினர். நடைவழியிலும் வாயிலிலும் பாதுகாப்புக்கென்று கேமரா இருப்பது வேறு செய்தி. பாடம் நடக்கும் அறையைக் கடையிலும் பேருந்திலும் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பது வேறு செய்தி. யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்று ஆசிரியருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. ஸலாம் சொல்லாத பார்வை அது.

ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலேயர் 1791இல் வெளியிட்ட சிறைத் திட்டம் ஒன்றை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள், கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது, ஆகவே எந்நேரமும் அடங்கியிருப்பான். அதே கட்டடத்தைப் பள்ளிக்கும் பயன்படுத்தலாம் என்று அவர் ஒரு கடிதம் முழுவதும் எழுதினார். இப்படி வளரும் பிள்ளைகள் மனித உருவில் இயந்திரங்களாகிவிட மாட்டார்களா என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. மகிழ்ச்சியாக இருந்தால் போதும் என்று அதனை ஒதுக்கிவிட்டு மேலே சென்றார். நம்மால் அவ்வளவு எளிதாக மேலே செல்ல இயலாது. எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன் இருக்கிறான் என்று நாம் பிள்ளைக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். அவன் மன்னிப்பவன். கைப்பேசியில் பார்ப்பவர்கள் அப்படியல்லர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் கைப்பேசி வழியே வீட்டுக்கு வந்தபோது, யாரும் கேளாமலே இந்தச் சோதனை நடந்தேறியது. அடுக்களையில் இருந்த தாய்மார் பாடத்தைக் கேட்டார்கள். ஓர் ஆசிரியை எத்தனை பொறுமையோடு ஒரே கணக்கை நான்காம் முறை விளக்குகிறார் என்பதை முதன்முறையாக அறிந்து மனம் நெகிழ்ந்தவர்கள் உண்டு. பின்னாலிருந்து விடையை முணுமுணுத்துப் பிள்ளையை வாய் பேசும் பொம்மையாக்கியவர்களும் உண்டு. பார்ப்பது தானாகவே நன்மை செய்துவிடாது, பார்க்கவும் ஓர் அதபு வேண்டும் என்பது அப்போது விளங்கியது.

அந்த அதபை ஒரு நாட்டார் பழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானில் "ஜுக்யோ சங்கன்" என்று ஒரு வழக்கம். ஆண்டில் சில நாட்களைப் பள்ளி முன்கூட்டியே குறித்து அறிவிக்கும். அன்று பெற்றோர் வகுப்பின் பின்புறம் நின்று ஒரு பாடத்தைப் பார்ப்பார்கள். எல்லாப் பெற்றோரும் வருவதால் எந்தப் பிள்ளையும் தனித்துச் சுட்டப்படுவதில்லை. ஆசிரியர்கள் ஒருவர் பாடத்தை மற்றவர் அமர்ந்து பார்த்துக் கூடிப் பேசுவதும் அந்நாட்டில் வழக்கமாதலால், பின்னால் யாரோ நிற்பது அவர்களுக்கு அவமதிப்பாகத் தோன்றுவதில்லை. நாடகம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் ஆய்வாளருக்காக நடிக்கலாம். அடிக்கடி வரும் பெற்றோருக்காக நடித்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது.

இதுவரை பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம். நம் வீட்டுக் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் சமயக் கல்வியையே முதன்மையாகக் கற்பிக்கும் பிற நிறுவனங்களுக்கும் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. அந்த விலக்கை நம் சமுதாயம் வரவேற்றது; வரவேற்றதில் நியாயமும் இருந்தது. ஆனால் விலக்கு என்பது பொறுப்பின்மை அன்று. மேலாண்மைக் குழு அங்கே கட்டாயமில்லை, பெற்றோர் கூட்டமும் கட்டாயமில்லை என்றால், அரசு விட்ட இடத்தில் முஹ்தஸிபாக நிற்க வேண்டியவர்கள் ஜமாஅத்தாரும் பெற்றோரும்தாம். விடுதியோடு கூடிய ஹிஃப்ளு மதரஸாவில் ஏழெட்டு வயதுப் பையனை விட்டுவிட்டு, பெருநாள் விடுமுறையில் மட்டும் முகம் பார்க்கும் பெற்றோர் எத்தனை பேர்! அவன் எங்கே உறங்குகிறான், எப்படி ஓதுகிறான், தவறினால் என்ன நேர்கிறது என்பதை அவர்கள் கண்டதில்லை. குர்ஆன் ஓதிக் கொடுப்பவர் மேல் சந்தேகமா என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் அவர்கள் வாயை அடைக்கிறது. நல்ல உஸ்தாதுகளுக்கு இந்தக் கூச்சத்தால் எந்த நன்மையும் இல்லை. எங்கோ ஒரு தீயவன் இருப்பானாயின், அவன் ஒருவனுக்கே அது நிழல் தருகிறது.

கடுமையால் வளர்க்கப்படும் மாணவன் உற்சாகம் இழந்து, பொய்யும் பாசாங்கும் பழகி, உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டத் தொடங்குவான் என்று இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டளவில் எழுதினார். பெற்றோர் எப்போதாவது வந்து அமரும் அறையில் அத்தகைய கடுமை வேர்விடுவது அரிது. நல்ல ஆசிரியரின் அருமையும் அப்போதுதான் ஊருக்குத் தெரியவரும். இமாம் பணியோடு மக்தபையும் நடத்தி, சொற்ப ஊதியத்தில் காலையும் மாலையும் அறுபது பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுக்கும் ஒருவரின் உழைப்பை ஒரு மணி நேரம் அமர்ந்து பார்த்த முத்தவல்லி, மறுமுறை ஊதியப் பேச்சு வரும்போது முன்போல் பேச மாட்டார்.

யார் போய்ப் பார்ப்பது என்பது நம்மிடையே தனிச் சிக்கல். கடலோர ஊர்களில் வாப்பாமார் பலர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். பணம் மாதந்தோறும் வருகிறது. அவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிறார்கள். மதீனாவின் பேரறிஞரும் இமாம் மாலிக் அவர்களின் ஆசிரியருமான ரபீஆவைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. தந்தை ஃபர்ரூக், கருவுற்ற மனைவியிடம் 30,000 தீனாரைக் கொடுத்துவிட்டுக் குராசான் பக்கம் படையில் சென்றார். 27 ஆண்டு கழித்துத் திரும்பினார். பள்ளிவாசலில் பெரிய வட்டம் ஒன்றின் நடுவே அமர்ந்து பாடம் சொல்பவர் யார் என்று அருகிலிருந்தவரைக் கேட்டார். உம் மகன் என்ற விடையே கிடைத்தது. தீனார்கள் எல்லாம் அந்தக் கல்விக்கே செலவாகியிருந்தன. இக்கதையின் நம்பகத்தைப் பற்றி ஆய்வாளரிடையே ஐயம் உண்டு. ஆனாலும் அதில் வரும் தாயை நம் ஊர்களில் நாம் அன்றாடம் பார்க்கிறோம். பெற்றோர் என்று நாம் எழுதும் சொல் பல வீடுகளில் அந்த ஒருவரையே குறிக்கும்.

ஆகவே, பெற்றோர் வரலாம் என்று சொல்லிவிட்டு, ஆண்கள் மட்டும் நுழையக்கூடிய வாசலைத் திறந்து வைத்தால் பாதி வீடுகளுக்கு அது மூடிய கதவுதான். தாய்மார் வந்தமரத் தனி இடமும், அவர்களுக்கு ஏற்ற நேரமும், மரியாதையான வரவேற்பும் அமைய வேண்டும். பள்ளிக்கூடங்களில் அந்த நாட்களைக் குறிக்கும்படி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோரே கேட்கலாம். அவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. மதரஸாக்களில் அதனை யாரும் விதிக்கப்போவதில்லை. ஷவ்வாலில் புதிய பாட ஆண்டு தொடங்கும்போது, சேர்க்கைப் படிவத்தோடு கொடுக்கும் தாளில், இன்னின்ன நாட்களில் பெற்றோர் வந்து ஒரு பாடம் முழுவதும் அமரலாம், வந்தவர்கள் பிற பிள்ளைகளைப் பற்றி வெளியே பேசலாகாது என்று இரண்டு வரி சேர்த்துவிடலாம். முதல் ஆண்டில் மூன்று பேர்தான் வருவார்கள். அந்த மூவரில் ஒருவர் நிர்வாகியின் மனைவியாக இருக்கட்டும்; அடுத்த ஆண்டு மற்றவர்களை அவரே அழைத்து வந்துவிடுவார்.